சில்லறைச் சாமான் இருப்பு: கார் ஸ்டோர் சொல்லும் கணக்கு

மளிகை வியாபாரம் செய்யும் நமக்கும், கார் விற்கும் கம்பெனியின் ஸ்டோருக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கக் கூடும். இதை எழுதுபவன் பதினோரு வருடம் ஒரு கார் டீலரின் உதிரி பாக ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டுத் தகப்பனாரின் மளிகைக் கடைக்குத் திரும்பியவன். அங்கே நட்டும் போல்ட்டும். இங்கே கடுகும் கற்பூரமும். இரண்டு இடத்திலும் அதிகத் தொல்லை கொடுத்தது சில்லறைச் சாமான்தான். அந்தத் தொல்லையைக் கார் ஸ்டோர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்து கொள்வதில் நமக்கு நஷ்டம் இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விபத்தில் முன்பக்கம் அடிபட்ட கார் ஒன்று. பம்பர் வந்தாயிற்று, ஹெட்லைட் வந்தாயிற்று, பெயிண்ட் வேலையும் முடிந்து பளபளவென்று நிற்கிறது. திங்கட்கிழமை வீட்டில் கல்யாணம் என்பதால் உரிமையாளர் மதியத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். பம்பரை மாட்டப் போன மெக்கானிக் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, "அண்ணே, கறுப்புக் கிளிப் எட்டு வேணும்" என்றான். டப்பாவைக் கவிழ்த்தால் இரண்டுதான் விழுந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் நாற்பது இருப்பதாகக் காட்டுகிறது. ஊரில் இருந்த உதிரி பாகக் கடைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிப் பார்த்தோம். அந்த மாடலுக்குப் பொருந்தும் கிளிப் கிடைக்கவில்லை. பல ஆயிரம் ரூபாய் வேலையை முடித்துவிட்டு, ஒன்று இரண்டு ரூபாய் பெறும் பிளாஸ்டிக் கிளிப் இல்லாமல், பம்பரை டேக் வைத்துக் கட்டி அனுப்பினோம். அந்தக் கோலத்தில்தான் கார் கல்யாண மண்டப வாசலில் நின்றது. அந்தக் குடும்பம் அதன்பின் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வரவே இல்லை.

நாற்பது எப்படி இரண்டாயிற்று? யாரும் திருடவில்லை. பழைய பம்பரைக் கழற்றும்போது கிளிப் உடைவது வழக்கம். மெக்கானிக் அவசரத்துக்கு நான்கு எடுத்துப் போவான். ஜாப் கார்டில் எழுத மாட்டான். எழுதினாலும் பில் போடுபவர் இரண்டு ரூபாய்க்கு ஒரு வரி எதற்கு என்று விட்டுவிடுவார். ஒவ்வொரு நாளும் நான்கு, ஐந்து என்று கணக்குக்கும் சரக்குக்கும் இடைவெளி ஏறிக்கொண்டே போகும். பம்பர் ஒன்று காணாமல் போனால் அன்றைக்கே ஸ்டோரில் ரகளையாகும். கிளிப் குறைவது, தேவைப்படும் அந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது.

எது எண்ண வேண்டிய சரக்கு?

கார் ஸ்டோரில் சரக்கை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வருஷத்தில் ஒரு பொருள் எத்தனை போகிறது என்பதை அதன் விலையால் பெருக்கி, வரும் தொகையை வரிசைப்படுத்துவது. மேலே நிற்கும் கொஞ்சம் பொருளில் பணத்தின் பெரும்பங்கு முடங்கியிருக்கும். கீழே நிற்கும் ஏராளமான பொருள்களில் பணம் மிகக் கொஞ்சம். நாட்டின் சொத்து எப்படிச் சிலர் கையில் குவிகிறது என்று இத்தாலிய அறிஞர் பரேட்டோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு சொன்னதையே, 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் சரக்கு இருப்புக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

இதைக் கேட்டதும், "சி வகை அற்பம், அதைக் கவனிக்க வேண்டாம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எங்கள் ஸ்டோரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். சி வகையில் மிச்சப்படுத்த வேண்டியது எண்ணும் வேலையை. சரக்கே இல்லாமல் போகலாம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு வாஷருக்கும் சிட்டை போட்டால், எழுதுகிற ஆளின் சம்பளம் வாஷரின் விலையைத் தாண்டிவிடும். அதனால் எண்ணாமலே தீராதபடி பார்த்துக் கொள்ள ஒரு வழி வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மெக்கானிக் ஒரு நட்டுக்காக ஸ்டோர் ஜன்னலில் வந்து பத்து நிமிடம் நிற்கிறான் என்று வைத்துக் கொள்வோம். ஒர்க்ஷாப்பின் கூலி மணிக்கு 600 ரூபாய் என்றால், அந்தப் பத்து நிமிடத்தின் விலை 100 ரூபாய். நட்டின் விலை மூன்று ரூபாய். ஆகவே அதிகம் புழங்கும் நட்டு, வாஷர், கிளிப் வகைகளை வேலை நடக்கும் இடத்திலேயே திறந்த டப்பாக்களில் வைத்துவிடுவதே லாபம். நாலு நட்டு தரையில் உருண்டு போகும், ஒருவன் தன் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு எடுத்துக் கொள்வான். போகட்டும். நம் கடைகளில் சணல் கயிறு, ரப்பர் பேண்ட், பொட்டலக் காகிதம் ஆகியவற்றைக் கல்லாவுக்கு அடியில் பூட்டி வைத்துக் கொண்டு, பையனை ஒவ்வொரு தடவையும் வந்து கேட்க வைக்கும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர்.

இரண்டு டப்பா முறை

கிளிப் விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் கடைப்பிடித்த முறை மிக எளியது. ஒவ்வொரு சில்லறைச் சாமானுக்கும் இரண்டு டப்பா. முன் டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது காலியானதும் பின் டப்பாவை முன்னுக்கு இழுத்துக் கொண்டு, காலி டப்பாவை ஆர்டர் பலகையில் வைத்துவிட வேண்டும். டப்பாவின் மேலேயே பாகத்தின் எண், வாங்க வேண்டிய அளவு, வைக்கும் இடம் மூன்றும் எழுதிய அட்டை ஒட்டியிருக்கும். எண்ண வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை. காலி டப்பாவே கொள்முதல் சீட்டு.

பின் டப்பாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். மாதம் 100 கிளிப் செலவு, 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 4. ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேர 7 வேலை நாள் ஆகுமானால், அதற்குள் 28 செலவாகும். திடீரென்று இரண்டு விபத்து வண்டிகள் ஒரே நாளில் வந்து நின்றால் சமாளிக்க இன்னும் 20 சேர்த்துக் கொள்ளலாம். ஆக 48, பின் டப்பாவில் 50 போட்டால் போதும். சப்ளை செய்பவர் தாமதம் செய்கிறவராக இருந்தால் 28 என்ற எண் ஏறும். வாடிக்கையாளர் வருகை ஏறுமாறாக இருந்தால் 20 என்ற எண் ஏறும். எதனால் இருப்பை ஏற்ற வேண்டியிருக்கிறது என்று தனித்தனியே தெரிந்துவிட்டால், சப்ளையரிடம் பேசும்போது வாய் தைரியமாக வரும்.

இந்த முறையின் பூர்வீகத்தைச் சொன்னால் மளிகைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற மளிகைக் கடையைத் திறந்தார். வாடிக்கையாளர் தாமே அலமாரியிலிருந்து எடுத்துக் கொள்ளலாம் என்ற ஏற்பாடு அங்கேதான் பிரபலமாயிற்று. அந்த வழியில் வந்த சூப்பர் மார்க்கெட்டுகளில், எவ்வளவு எடுக்கப்பட்டதோ அவ்வளவை மட்டும் அலமாரியில் திரும்ப நிரப்புவார்கள். ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் இருந்த தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் இதைப் பிடித்துக் கொண்டார். பின்கட்டத்தில் வேலை செய்பவர் வாடிக்கையாளர், முன்கட்டம் அவருக்குக் கடை. அவர் எடுத்த அளவுக்கு மட்டுமே முன்கட்டத்தில் செய்ய வேண்டும். எடுத்ததற்கு அடையாளமாக ஒரு அட்டை திரும்பிப் போகும். அதற்குப் பெயர் 'கான்பான்'. 1956இல் அவர் அமெரிக்கா சென்றபோது சூப்பர் மார்க்கெட்டுகளை நேரிலேயே பார்த்தார். இந்த யோசனை தமக்கு அங்கிருந்தே வந்தது என்று பிறகு எழுதியும் வைத்தார். எங்கள் ஸ்டோரில் கிளிப் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த அட்டை, சுற்றி வளைத்துப் பார்த்தால் ஒரு மளிகைக் கடையிலிருந்து வந்ததுதான்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது?

இதற்கும் ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்டது. (இந்த ஃபோர்டுக்கும் கார் கம்பெனி ஃபோர்டுக்கும் தொடர்பில்லை.) வருஷச் செலவை இரண்டால் பெருக்கி, ஒரு ஆர்டர் போட ஆகும் செலவால் பெருக்கி, ஒரு பொருளை ஒரு வருஷம் வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வரும் எண்ணுக்கு வர்க்க மூலம் காண வேண்டும். கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை.

வருஷம் 1200 கிளிப், விலை 2 ரூபாய், ஆர்டர் செலவு 50 ரூபாய், வட்டி, இடம், சேதாரம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு விலையில் 20 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிளிப்புக்கு 40 காசு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 550 வருகிறது. அதாவது ஐந்தரை மாதச் சரக்கை ஒரே தடவையில் வாங்கலாம். அதில் முடங்குவது 1,100 ரூபாய். அதே கணக்கை 4,000 ரூபாய் பெறும், மாதம் நான்கு போகும் ஒரு பாகத்துக்குப் போட்டால் இரண்டரைதான் வரும். மாதம் இரண்டு தடவை, இரண்டிரண்டாக வாங்க வேண்டும் என்று பொருள்.

நாம் நடைமுறையில் செய்வது இதற்கு நேர்மாறு. சில்லறைச் சாமானைச் சில்லறையாகவே, பத்தும் இருபதுமாக, வாரா வாரம் ஆள் அனுப்பி வாங்குகிறோம். விலை உயர்ந்த சரக்கை, கம்பெனிப் பிரதிநிதி சலுகை சொன்னார் என்று மூன்று மாதத்துக்குக் குவித்து வைக்கிறோம். ஆனால் ஒரு எச்சரிக்கை: காலாவதி தேதி என்ற ஒன்று இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. போல்ட் ஆறு மாதம் கிடந்தாலும் போல்ட்தான். ரவை அப்படி இல்லை. ஊதுபத்தி, தீப்பெட்டி, ஸ்க்ரப்பர், பிளேடு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

தராசும் துப்பறியும்

மார்ச் 31 வந்தால் கடையை அடைத்து இருப்பு எடுப்பது நமக்குப் பழக்கம். கார் ஸ்டோரில் தினம் இருபது டப்பா என்று வரிசையாக வருஷம் முழுவதும் எண்ணிக் கொண்டே போவார்கள். சின்னச் சாமானை எண்ணுவதற்குத் தராசுதான். ஒரு எம் 8 நட்டு ஏறக்குறைய 5 கிராம். ஒன்றை நிறுத்து, அதால் மொத்த எடையை வகுத்தால் தப்பு வரும். ஐம்பது நட்டை எண்ணி நிறுத்துச் சராசரி எடுக்க வேண்டும். டப்பாவின் வெற்று எடையை முன்கூட்டியே அதன் மேல் எழுதி வைத்துவிட்டால், கவிழ்க்கும் வேலையும் மிச்சம்.

எண்ணாமலே கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். என்ஜின் ஆயில் மாற்றும்போது, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுக்கு ஒரு வாஷர் இருக்கும். பல கார்களில் அது ஒரு தடவை நசுங்கி உட்கார்வதற்கென்றே செய்யப்பட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். ஆகவே மாதம் 300 ஆயில் ஃபில்டர் செலவானால் வாஷரும் 300ஐ ஒட்டிச் செலவாகியிருக்க வேண்டும். எங்கள் ஸ்டோரில் ஒரு மாதம் ஃபில்டர் 300ஐத் தாண்டியது, வாஷர் 180தான். வாஷர் மிச்சமாவது நல்லதுதானே என்று தோன்றும். விசாரித்தால், இரண்டு பையன்கள் பழைய வாஷரையே திரும்பப் போட்டு மூடிக் கொண்டிருந்தார்கள். ஆயில் சொட்டுகிறது என்று முந்தைய வாரங்களில் வண்டிகள் திரும்பி வந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. ஜோடியாகப் போக வேண்டிய சரக்கு ஜோடியாகப் போகிறதா என்று பார்த்தால் போதும். பூட்டும் கேமராவும் காட்டாததை அது காட்டும்.

கலந்துவிட்டால் ஆபத்து

மளிகையில் கடுகோடு கேழ்வரகு கலந்தால் சண்டை வரும். நட்டு கலந்தால் உயிருக்கே ஆபத்து. மாருதி சுசூகி கார்களின் சக்கர நட்டு பொதுவாக எம் 12, மரை இடைவெளி 1.25 மில்லி மீட்டர். ஹூண்டாய், டொயோட்டா கார்களில் பெரும்பாலும் அதே எம் 12, ஆனால் இடைவெளி 1.5. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பழைய கார் வாங்கி விற்கும் பிரிவு இருக்கும் டீலரிடம் எல்லாக் கம்பெனி வண்டியும் வரும் என்பதால், ஒரு நாள் இரண்டு நட்டும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டன. கையால் திருகியிருந்தால் ஓரிரு சுற்றிலேயே இறுகியிருக்கும், தெரிந்திருக்கும். பையன் ஏர் கன்னை வைத்து அழுத்தினான். நட்டு மரையை அறுத்துக் கொண்டே ஏறிவிட்டது. சோதனை ஓட்டத்துக்கு எடுத்த டிரைவர் கேட்டைத் தாண்டும் முன்பே சத்தம் கேட்டு நிறுத்தியதால் பிழைத்தோம். அன்று முதல் சக்கர நட்டுகளை எதிர் எதிர்ச் சுவரில் வைத்தோம். ஒவ்வொரு டப்பாவின் வெளியே அதே நட்டு ஒன்றைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, பக்கத்தில் அதற்குரிய போல்ட்டையும் மாட்டினோம். சந்தேகம் வந்தால் திருகிப் பார்த்துக் கொள்ளலாம்.

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அளவு அன்று, வலு. முதல் எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லி மீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவை தாங்கும் என்று வரும்: 8.8க்கு 800, 10.9க்கு 1000. அளவு ஒன்றுதானே என்று 10.9 போட வேண்டிய இடத்தில் 8.8 போடக் கூடாது. பல என்ஜின்களில் சிலிண்டர் ஹெட் போல்ட்டை இறுக்கும்போது வேண்டுமென்றே சற்று நீளும்படி இறுக்குகிறார்கள். அப்படி நீண்ட போல்ட்டைக் கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. இதெல்லாம் தெரிந்த ஸ்டோர்க்காரர், ஹெட் கேஸ்கெட் கேட்டு வந்தவுடன் போல்ட் செட்டையும் எடுத்து மேஜை மேல் வைத்துவிடுவார். பெரிய வேலைகளுக்கு முதல் நாளே பாகங்களையும் அவற்றுக்குரிய நட்டு, வாஷர், ஸ்ப்ளிட் பின்களையும் ஒரு தட்டில் சேர்த்து வண்டி எண் எழுதி வைப்பதுண்டு. மாதச் சிட்டையை முதல் நாள் இரவே கட்டி வைக்கும் நமக்கு இது புதிதல்ல.

எண் மாறும், அலகு மாறும்

கம்பெனிகள் பாகத்தின் எண்ணை அடிக்கடி மாற்றும். சாமான் அதுவே, எண் வேறு. பழைய எண்ணில் 60 கிளிப் மேல் ரேக்கில் கிடக்க, புது எண்ணில் 'இருப்பு இல்லை' என்று கம்ப்யூட்டர் சொல்ல, அவசர ஆர்டர் போட்டு லாரி வாடகை கொடுத்த கதை எங்களிடம் உண்டு. சோப்புக் கம்பெனி எடையையும் உறையையும் மாற்றிப் புது பார்கோடு போட்டால் நம் கடையிலும் இதேதான் நடக்கிறது.

அலகு இன்னொரு கண்ணி. வாஷர் பத்து கொண்ட பொட்டலமாக வரும். வரவு வைப்பவர் 1 என்று அடிப்பார். செலவு எழுதுபவர் ஒவ்வொரு வாஷருக்கும் 1 என்று அடிப்பார். ஒரே மாதத்தில் இருப்பு மைனஸில் போய் நிற்கும். வரவுக்கும் செலவுக்கும் ஒரே அலகு என்று பில் மெஷினில் முதல் நாளே பார்த்துக் கொள்வது நல்லது.

'இல்லை' என்று சொன்ன நோட்டு

கம்ப்யூட்டர் விற்றதை மட்டுமே அறியும். கேட்டு, கிடைக்காமல் திரும்பியவர் அதன் கண்ணில் படுவதில்லை. ஒரு மாதம் முழுக்கச் சரக்கு இல்லாதிருந்த கிளிப்புக்கு அந்த மாத விற்பனை பூஜ்யம். அதைப் பார்த்து, 'இது போகாத சரக்கு' என்று மெஷின் தீர்மானித்து, அடுத்த ஆர்டரில் அளவைக் குறைக்கும். சரக்கு இன்னும் சீக்கிரம் தீரும். விற்பனை இன்னும் குறையும். இப்படியே ஒரு நல்ல சரக்கைக் கணக்கே கொன்றுவிடும்.

இதற்காகவே நல்ல கார் ஸ்டோர்களில், கேட்டு இல்லாமல் போனதையும் பதிவு செய்யும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஜன்னலில் ஒரு நோட்டுக் கட்டித் தொங்கவிட்டோம்: தேதி, சாமான், எத்தனை, எவ்வளவே. ஒரே சாமான் ஒரு வருஷத்தில் மூன்று தடவை வந்துவிட்டால் அதற்கு ரேக்கில் இடம். ஒரு தடவை மட்டும் என்றால் கேட்டவருக்கு வரவழைத்துக் கொடுப்பதோடு சரி.

எங்கள் மளிகைக் கடையில் இந்த நோட்டைத் தொடங்கியபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இல்லை என்பதை எழுதி வைக்கிற கடை உருப்படுமா?" என்றார். பையனும் முதல் வாரம் எதுவும் எழுதவில்லை. இல்லாததை எழுதினால் முதலாளி திட்டுவார் என்ற பயம். ஒரு வரிக்கு ஒரு ரூபாய் என்று சொன்ன பிறகு எழுதினான். முதல் மாத நோட்டில் அதிகம் இருந்தவை விளக்குத் திரி, ஊக்கு, சின்ன பேட்டரி. நாங்கள் நினைத்தே பார்க்காத சாமான்கள். இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் அவற்றுக்கு ஒரு தட்டு இருக்கிறது.

போகாத சரக்கு

பன்னிரண்டு மாதம் அசையாத சரக்கைத் தனியாகப் பட்டியல் எடுப்பது கார் ஸ்டோர் வழக்கம். மாடல் நின்று போன வண்டியின் கிளிப்புகள், தப்பாக ஆர்டர் போட்ட ஸ்க்ரூக்கள், வாடிக்கையாளர் கேட்டு வரவழைத்துவிட்டு வராமல் போனவை ஆகியவை அதில் இருக்கும். மூன்றாவது வகைக்கு முன்பணம் வாங்காதது நம் தப்பு. கம்பெனி திருப்பி எடுத்துக் கொள்ளும் சலுகை இருந்தால் கெடு முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். மீதியைப் பழைய வண்டிகளை அதிகம் பார்க்கும் சாலையோர மெக்கானிக்குகளிடம் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடலாம். அடக்க விலை வரட்டும் என்று காத்திருந்தால் டப்பா இடத்தை அடைத்துக் கொண்டே இருக்கும்.

குறைந்து போன சரக்கைக் கணக்கில் தள்ளும்போது வரி விஷயத்தையும் மறக்கக் கூடாது. தொலைந்த, திருட்டுப் போன, அழிந்த, தள்ளுபடி செய்த சரக்குக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். நட்டில் இந்தத் தொகை சொற்பம்தான். ஆனால் மார்ச் மாதத்தில் மொத்தமாக, 'இருப்பில் குறைவு' என்று ஒரே வரியில் பெரிய தொகையை எழுதினால் ஆடிட்டர் கேட்பார், அவருக்கு முன் அதிகாரி கேட்கலாம். தினம் இருபது டப்பா எண்ணுகிறவர், குறைவு எந்தச் சாமானில், எந்த மாதத்தில் ஏற்பட்டது என்பதை நோட்டைத் திருப்பிக் காட்டிவிடலாம்.

எங்கள் கடையில் இப்போது முப்பத்தெட்டு சாமானுக்கு இரண்டு டப்பா வைத்திருக்கிறோம். பெருங்காயத்துக்கும் ஏலக்காய்க்கும் மட்டும் அப்பா ஒத்துக் கொள்ளவில்லை. அவை இன்றும் பூட்டில்தான் இருக்கின்றன, சாவி அவர் இடுப்பில். ஏலக்காய் விற்கும் விலையில், அது ஏ வகை என்றுதான் நானும் சொல்வேன்.